ஆடித் தண்ணீரில் பார்த்த படகு

நாணல்திட்டு
14.6.2025

‘அன்புள்ள’ என்று தொடங்கினால் நீ சந்தேகப்படுவாய் என்பதால், வெறும் அண்ணனுக்கு,

பூவிழி எழுதுகிறேன். முகவரி எப்படிக் கிடைத்தது என்று கேட்பாய். தீபாவளிக்கு அம்மாவுக்குப் புடவை அனுப்பினாயே, அந்தப் பொட்டலத்தின் மேல் ஒட்டியிருந்த காகிதம்தான். கொச்சி, படகுப் பட்டறை என்பது வரை தெரிந்தது, மீதி கிழிந்திருந்தது. வந்து சேர்ந்தால் என் சாமர்த்தியம். சேராவிட்டால் தபால்காரர் நடராசன் சார் மேல் பழி.

போனில் பேச முடியாதா என்றால், முடியாது. உன் புது நம்பர் யாரிடமும் இல்லை. என்னிடம் போனே இல்லை. அப்பா போனில் உரக்கடைக்கு அத்தை பெயரையும் அத்தைக்கு உரக்கடை பெயரையும் மாற்றி வைத்தேன், சும்மாதான். அப்பா உரக்கடை என்று நினைத்து அம்சம் அத்தையைக் கூப்பிட்டு, நீங்கள் கொடுத்தது சுத்த மட்டம், வந்து எடுத்துக்கொண்டு போங்கள் என்று கத்தியிருக்கிறார். போன மாதம் தான் கொடுத்த ஆட்டைத்தான் சொல்கிறார் என்று அத்தை நினைத்து, மறுநாளே படகேறி வந்து ஆட்டைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். ஆடு போனதோடு என் போனும் போனது.

இனி விஷயம். அப்பா படகு வாங்கப் போகிறார்.

சிரிக்காதே. முகத்துவாரத்துப் பக்கம் சுஹைப் என்று ஒருவர் இருக்கிறார். அவருடைய பழைய மீன்பிடிப் படகு. எனக்கும் அதற்கும் போட்டி வைத்தால் அதுதான் மூத்தது, உனக்கும் மூத்தது. இஞ்சின் நடுவில் எருமை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அதன் வயிற்றிலிருந்து ஒரு இரும்புத் தண்டு படகின் அடியைத் துளைத்துக்கொண்டு வெளியே போகிறது. அதன் முனையில் தண்ணீரைத் தள்ளும் விசிறி. கையால் சுழற்றித்தான் கிளப்ப வேண்டும். முதலில் புகை வருகிறது, அப்புறம் சத்தம் வருகிறது, கடைசியாகத்தான் படகு வருகிறது. “இந்த மாதிரி இஞ்சின் இனிமே வராதும்மா” என்றார் சுஹைப். வராதது நல்லதுதானே என்று நினைத்தேன், சொல்லவில்லை. பார், எவ்வளவு திருந்திவிட்டேன்.

அப்பா ஏன் வாங்குகிறார் தெரியுமா? வெள்ளம் வருகிறது என்று, ஆற்று நடுவில் இந்தத் திட்டில் இருக்கும் எல்லாருக்கும் கரையில் மனைப் பட்டா தருகிறார்கள். சம்மதம் என்று ஆடி முடிவதற்குள் சொல்ல வேண்டும். அப்பா வாயைத் திறக்கவில்லை. படகு வந்துவிட்டால் அவர் இங்கேயே கிடப்பார். சொந்தப் படகு இருக்கிறது, எனக்கென்ன வெள்ளம் என்பார். நான் இருப்பதும் திட்டில், தினம் வாங்குவதும் திட்டு. இதில் படகையும் வாங்கிவிட்டால் நானும் அம்மாவும் கரையேறவே முடியாது.

போன வருஷ ஆடி உனக்கு மறந்திருக்காது. அம்மாவுக்குக் காய்ச்சல், இடுப்பளவு தண்ணீர், அப்பா இறங்கமாட்டேன் என்று நின்றது, நீ தீயணைப்புப் படகைக் கூப்பிட்டது. என் வீட்டுப் பொம்பளையை ஊரே தூக்க வைத்துவிட்டான் என்று அவர் சொன்னார். “நீங்க எறங்கி வர்ற வரைக்கும் நான் ஏறி வரமாட்டேன்” என்று நீ சொன்னாய். நீ போய்விட்டாய். நாங்கள் பதினோரு நாள் பள்ளிக்கூட முகாமில் உப்புமா சாப்பிட்டோம். இந்த வருஷம் எனக்குப் பன்னிரண்டாம் வகுப்பு. ஆறு என்று இதற்குப் பெயர் வைத்தவர்கள் யாரோ, எங்களை ஆறவே விடவில்லை.

மிஷின் விஷயத்தில் அப்பா உன்னைத் தவிர யாரையும் நம்பமாட்டார். அந்தப் படகு குப்பை என்று ஒரு வரி எழுது. அது போதும்.

பதிலை அத்தை வீட்டு முகவரிக்குப் போடு. நடராசன் சார் திட்டுக்கு வரமாட்டார். அவருக்கு நீச்சல் தெரியாதாம்.

பூவிழி

*

கொச்சி
23.6.2025

பூவு,

பாதி முகவரிக்கு வந்த கடிதத்தை எங்கள் மேஸ்திரி பட்டறை முழுக்கக் காட்டிவிட்டுத்தான் கொடுத்தார். உன்னால் எனக்கு இங்கே ‘கிழிஞ்ச அட்ரஸ்’ என்று பெயர்.

பார்க்காத மிஷினைக் குப்பை என்று எழுதமாட்டேன். இங்கே மூன்று நாளாக மழை. ஒரே படகின் அடியில் மல்லாந்து கிடக்கிறேன். முதுகு விட்டுப்போய்விட்டது. இந்தத் தொழிலில் எனக்கு மிச்சம் இருப்பது நான் சொன்னால் சரியாக இருக்கும் என்ற பெயர் ஒன்றுதான். அதை உனக்காகவும் கெடுத்துக்கொள்ள முடியாது.

கேட்டதற்குப் பதில் எழுது. கிளப்பிய பிறகும் புகை கறுப்பாகவே வருகிறதா, நின்றுவிடுகிறதா? சத்தம் ஒரே சீராக இருக்கிறதா, நடுவில் தட்டுகிறதா? தண்டு வெளியே போகும் துளையில் தண்ணீர் கசிகிறதா? முக்கியமாக, விசிறி படகின் அடிப்பலகைக்கு எவ்வளவு கீழே நிற்கிறது? அளந்து சொல். கண்ணால் பார்த்துச் சொல்லாதே.

அப்பாவைப் பற்றி எழுதாதே. அம்மாவுக்குக் காய்ச்சல் மறுபடி வந்ததா என்று மட்டும் எழுது.

செழியன்

*

நாணல்திட்டு
5.7.2025

கிழிஞ்ச அட்ரஸ் அண்ணனுக்கு,

அளந்துவிட்டேன். கத்தரிச் செடிக்கு ஊன்றும் குச்சியில் சாண் சாணாகக் கோடு போட்டுக்கொண்டு படகுக்கு அடியில் முங்கினேன். அடிப்பலகையிலிருந்து விசிறியின் கீழ்முனை வரை இரண்டரைச் சாண். வெளியே வந்தபோது சுஹைப் பயந்தே போய்விட்டார். அவர் என்னை ஆமை என்று நினைத்தாராம். அவர் படகு போகும் வேகத்துக்கு ஆமை வந்து ஒட்டிக்கொள்வது நியாயம்தான்.

புகை கிளம்பும்போது கறுப்பு, அப்புறம் இல்லை. சத்தம் சீராக இருக்கிறது, தட்டவில்லை. துளையில் கசிவு உண்டு, ஒரு மணி நேரத்துக்கு ஒரு சொம்பு இருக்கும்.

போன வாரம் ஓட்டிக் காட்டினார்கள். மேட்டூர் திறந்து, ஆனியிலேயே ஆடித் தண்ணீர் இரண்டு ஆள் ஆழத்துக்கு ஏறியிருந்தது. திட்டே படகில் ஏறிவிட்டது. அப்பா முன்னால் நின்றுகொண்டே வந்தார், உட்காரவில்லை. அவர் சிரித்து நான் பார்த்து ஒரு வருஷம் இருக்கும். அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது, அதனால் இதை அதிகம் எழுதவில்லை.

பங்குனியில் இதே இடத்தில் முழங்கால் தண்ணீர்தான் இருக்கும் என்பது அவருக்கு அந்த நேரம் ஞாபகமே வரவில்லை. ஞாபகப்படுத்தியவள் அம்மா. நம் திட்டுக்காரர்கள் பெண் பார்க்கப் போனால் மாசி, பங்குனியில்தானே பெண் வீட்டாரை இங்கே அழைப்பார்கள், நடந்தே வரட்டும், ஆற்றைப் பார்க்க வேண்டாம் என்று? அம்மா மணலில் நடந்து வந்து பார்த்துவிட்டுச் சரி என்றவள். கல்யாணம் ஆவணியில். படகில் ஏறும்போதுதான் ஆறு என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரிந்தது. அதை வைத்துத்தான் சொன்னாள். அடுப்பைப் பார்த்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல்:

“பங்குனி மணலக் காட்டி என்னையக் கட்டிக்கிட்டு வந்தாரு. இப்ப ஆடித் தண்ணியக் காட்டி அவரு தலையில படகக் கட்டுறானுவ. கணக்கு சரியாப் போச்சு.”

அப்பா எழுந்து மாட்டுக்கு வைக்கோல் போடப் போய்விட்டார். மாடு ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தது.

காய்ச்சல் இல்லை. அம்மா அலுத்துப்போயிருக்கிறாள், அதற்கு மாத்திரை கிடையாது. சீக்கிரம் எழுது. சுஹைப் இன்னும் மூன்று வாரம்தான் காத்திருப்பாராம்.

பூவிழி

*

கொச்சி
14.7.2025

பூவு,

இதை அப்பாவிடம் அப்படியே படித்துக் காட்டு.

இந்த வகைப் படகை இப்போது ஆற்றுக்கு யாரும் வாங்குவதில்லை. தண்டும் விசிறியும் அடியில் நிலையாக நிற்கின்றன, தூக்க முடியாது. இது கடலுக்குச் செய்தது. கொள்ளிடத்தில் தை தாண்டினால் மணல் மேலே வந்துவிடும். விசிறி மணலில் அடிக்கும். முதலில் இதழ் உடையும், அப்புறம் தண்டு வளையும். தண்டு வளைந்தால் துளை விரியும், படகுக்குள் தண்ணீர் வரும். ஆள் ஏற்றியிருக்கும்போது அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. வருஷத்தில் ஐந்து மாதம் இது கரையில்தான் கிடக்கும். இப்படியே வாங்கினால் வீண்.

(பின்பக்கம்)

ஆனால் இஞ்சின் நல்ல இஞ்சின். நீ எழுதியது சரியென்றால் இன்னும் பதினைந்து வருஷம் ஓடும். அதை நடுவிலிருந்து கழற்றி, அடித் துளையை அடைத்துவிட்டு, பின்பலகையில் ஒரு சுழல் தாங்கி வைத்து மாட்ட வேண்டும். நீளத் தண்டு போட்டால் ஆழம் குறையும் இடத்தில் கைப்பிடியை அமுக்கி விசிறியைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொள்ளலாம். என் மாதிரி ஒரு வெல்டிங்காரன் இருந்தால் நான்கு நாள் வேலை. அப்படிச் செய்தால் வாங்கலாம்.

வாங்கச் சொல்ல எனக்கு மனம் இல்லை. மிஷினைப் பற்றிக் கேட்டாய், மிஷினைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

செழியன்

*

அரசு பள்ளி, முகாம்
26.7.2025

அண்ணனுக்கு,

கிண்டல் எதுவும் வரவில்லை. அதனால் நேராக எழுதிவிடுகிறேன்.

உன் கடிதத்தில் முதல் பக்கத்தை மட்டும் அப்பாவுக்குப் படித்தேன். “இப்படியே வாங்கினால் வீண்” என்பதோடு நிறுத்தி மடித்துவிட்டேன். “அவ்வளவுதான் எழுதிருக்கானா?” என்று கேட்டார். அவ்வளவுதான் என்றேன். கொஞ்ச நேரம் என் கையிலிருந்த காகிதத்தையே பார்த்தார். பிடுங்கிப் படிக்கவில்லை. நீ ஒரு வருஷம் கழித்து அவருக்கென்று சொன்ன வார்த்தை அது என்பதால் அதற்கு மேல் கேட்கக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ. மறுநாள் காலையில் சுஹைப்பைக் கூப்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஜெயித்துவிட்டேன் என்று இரண்டு நாள் குதித்தேன். தண்ணீர் ஏறி எங்களை இங்கே கொண்டுவந்து விட்டபோதுகூட, இதுதான் கடைசி உப்புமா என்று அம்மாவிடம் சொன்னேன்.

நேற்று அம்சம் அத்தை சாப்பாடு கொண்டுவந்தாள். ஆட்டைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டு, என்ன பூவிழி, உங்கப்பன் மனை வேண்டாம் என்கிறானாமே என்றாள். எனக்குப் புரியவில்லை. அத்தைதான் சொன்னாள். அப்பா வைகாசியிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டாராம். அத்தை வீட்டிலிருந்துதான் தாலுகா ஆபீஸ் போனாராம். உனக்காக இறங்கியதாக நாங்கள் பேசுவோம் என்று யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றிருக்கிறார்.

படகு திட்டிலேயே கிடப்பதற்கு இல்லை அண்ணே. கரையில் குடியிருந்துகொண்டு நிலத்துக்குப் போய்வருவதற்கு. மயிலாடுதுறை மார்க்கெட்டுக்குக் கத்தரிக்காய் போக வேண்டுமென்றால் விடிவதற்குள் பறித்தாக வேண்டும். பஞ்சாயத்துப் படகு எட்டு மணிக்கு முன்னால் கிளம்பாது. எட்டு மணிக்குப் பறித்த காய்க்கு அங்கே யார் முகம் கொடுப்பார்கள்? நாம் கூலிக்கு நடவு போன குடும்பம், தாத்தா காலத்தில் கிடைத்த அந்த ஒன்றரை ஏக்கரை அப்பா விடமாட்டார். படகு இருந்தால் இரண்டும் நடக்கும். படகு இல்லையென்றால் ஒன்றுதான். அவர் நிலத்தைப் பிடித்துக்கொண்டு மனையை விட்டுவிட்டார்.

எங்களைக் கரைக்குக் கொண்டுவருவதற்கு இருந்த ஒரே வழியை நான்தான் மடித்துப் பாவாடையில் சொருகிக்கொண்டேன்.

இதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. பட்டா வேண்டாம் என்று ஆடி முடிவதற்குள் எழுத்தில் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்களாம். இன்று காலை அப்பா ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, உன் கையெழுத்து நல்லா இருக்கும், நீயே எழுது என்றார். பேனா எழுதவில்லை என்றேன். வேறு பேனா வாங்கி வந்தார். கை வலிக்கிறது என்றேன். நாளைக்கு எழுது என்று பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அதே தாளில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

என்ன செய்ய?

பூவிழி

*

கொச்சி
1.8.2025

பூவு,

கடிதம் படித்ததும் உன்னை அறைய வேண்டும்போல் இருந்தது. கொச்சியிலிருந்து கை எட்டாது.

உன்னைத் திட்டி மூன்று முறை எழுதிக் கிழித்துப்போட்டேன். நான் மட்டும் என்ன செய்தேன்? கெட்டதை முதல் பக்கத்தில் வைத்தேன். நல்லதைப் பின்னால் வைத்தேன். பொய்யும் சொல்லாமல், படித்து முடிப்பதற்குள் அவர் முகம் சுருங்கட்டும் என்று ஒரு ஆசை இருந்தது. நீ அந்த ஆசையை நிறைவேற்றி வைத்துவிட்டாய்.

வைகாசியிலேயே இறங்கிவிட்டார் என்பதை இங்கே யாரிடமும் சொல்ல முடியவில்லை.

அந்த மனுவை நீ எழுதக்கூடாது. அவரிடம் போய்ச் சொல். அத்தையை விட்டுச் சொல்லாதே, அம்மாவை நடுவில் வைக்காதே, கதை கட்டாதே. அந்தக் கடிதத்தையே கையில் கொடு. அடித்தால் வாங்கிக்கொள். அதற்குப் பிறகு என்ன நடந்தாலும் எழுது.

செழியன்

*

அம்சம் அத்தை வீடு
24.8.2025

அண்ணனுக்கு,

சொல்லிவிட்டேன். அடிக்கவில்லை. அடித்திருந்தால் கணக்கு அன்றைக்கே முடிந்திருக்கும்.

தண்ணீர் வடிந்து முகாமிலிருந்து கிளம்பும் நாள். எல்லாரும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா மனு எங்கே என்று கேட்டார். உன் கடிதத்தைக் கொடுத்து, நான் பாதிதான் படித்தேன், திருப்பிப் பாருங்கள் என்றேன். பள்ளிக்கூடப் பெஞ்சில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தார். பின்பக்கம் எட்டு வரி இருக்குமா? எங்களைத் திட்டில் விட வந்த படகு ஒரு நடை போய்த் திரும்பி வந்துவிட்டது, அவர் படித்துக்கொண்டே இருந்தார்.

அப்புறம் என்னைப் பார்த்து, “ஏன் புள்ள?” என்றார்.

என்னிடம் பதில் இருந்தது. முகாம், அம்மா, பரீட்சை, நீ. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துதான் வைத்திருந்தேன். “எறங்கணும்ப்பா” என்று மட்டும்தான் வந்தது.

“அதுக்குத்தானடி அந்தப் படகு” என்றார். அவ்வளவுதான். கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். திருப்பித் தரவில்லை.

மறுநாள் நானும் அவரும் சுஹைப்பைத் தேடிப் போனோம். இரண்டு பஸ். நான் இரண்டு பஸ் தூரம் பேசாமல் வந்தது இதுதான் முதல் தடவை, நடத்துநர் எனக்குப் பேச வராது என்றே நினைத்திருப்பார்.

படகு மணலில் ஏற்றிவைக்கப்பட்டிருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால் நடுவில் எருமை இல்லை. இஞ்சினை இறால் குட்டைக்காரர் ஒருவர் தண்ணீர் இறைக்கக் கேட்டாராம், கழற்றிக் கொடுத்துவிட்டார். தண்டும் விசிறியும் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. சுஹைப்புக்கே சங்கடமாகிவிட்டது. நீங்க வேணாம்னு சொன்னீங்களேண்ணே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அப்பா, உங்கமேல தப்பில்லைங்க என்றார். யார்மேல் என்று சொல்லாததுதான் என்னைக் கொன்றது.

படகை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பலகையைத் தட்டித் தட்டிக் கேட்டார். பிறகு கேட்டார்: “வெறும் கூட்டைத் தருவீங்களா?”

இஞ்சின் இல்லாத படகை வாங்கி என்னண்ணே செய்வீர்கள் என்றார் சுஹைப். கழி ஊன்றிப் போகலாம் என்றார் அப்பா. வெள்ளத்தில் யாரும் போகப் போவதில்லை, மாசி பங்குனியில் நடந்துவிடலாம், நடுவில் இருக்கும் மாதங்களுக்குக் கழி எட்டும் என்று கணக்குச் சொன்னார். பெரிய படகாச்சே, ஒரு ஆள் ஊன்ற முடியாதே என்றார் சுஹைப். அப்பா திரும்பி என்னைப் பார்த்தார்.

துளையை அங்கேயே பலகை வைத்து அடைத்துக் கொடுத்தார்கள். ஒரு மீன்பிடிப் படகின் பின்னால் கட்டி இழுத்துவந்து சேர்த்தோம்.

மனை அத்தை வீட்டுக்கு நான்காவது. இப்போதைக்குக் கீற்றுக் கொட்டகை. நாங்கள் போன வாரமே வந்துவிட்டோம். பீரோவைக் கொண்டுவரும்போது படகு ஒரு பக்கம் சாய்ந்தது. அம்மா கத்தவில்லை, பீரோவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கரையில் இறங்கியதும் முதலில் செய்தது, அத்தை வீட்டில் போய்ப் படுத்துத் தூங்கியதுதான். மாலை வரை எழுந்திருக்கவில்லை. யாரும் எழுப்பவும் இல்லை.

நான் காலையில் நான்கரைக்கு எழுந்து கழியோடு நிற்க வேண்டும். அப்பா முன்னால், நான் பின்னால். ஆறரைக்குக் கத்தரிக்காய்க் கூடைகளோடு திரும்பி, குளித்து, எட்டரைக்குப் பள்ளிக்கூடம். கை இரண்டிலும் கொப்புளம். முதல் பாடத்திலேயே தூங்கிவிடுகிறேன். தண்டனையா என்று அம்மாவிடம் கேட்டேன். வேலைடி என்றாள்.

அப்பா படகில் பேசுவதில்லை. இடது, வலது, ஊனு, விடு, அவ்வளவுதான். இன்று மட்டும் நடு ஆற்றில் கழியை நிறுத்தினார். தாங்கியில் மாட்டித் தூக்குகிற மாதிரி இஞ்சின் என்று அவன் எழுதியிருந்தானே, அது பழசாக எங்கேயாவது கிடைக்குமா என்று கேட்டு எழுது என்றார். வெல்டிங்குக்கு வெளியாளைக் கூப்பிட வேண்டாமாம்.

அண்ணனை வரச் சொல்லி எழுதவா என்று கேட்டேன்.

“வேணாம். இஞ்சின் வேணும்னு மட்டும் எழுது.”

அவர் சொன்னதை எழுதிவிட்டேன். இந்தத் தடவை ஒரு வரியும் விடவில்லை.

பூவிழி